பிள்ளை ஃபேன்டசி ரசிகர் குழுவில் சேரக் கேட்டால்: பெற்றோர் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரு நீண்ட ஃபேன்டசி வரிசையைப் படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, அதைப் பற்றிப் பேச ஓர் ஆள். வகுப்பில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்குக் கிரிக்கெட்தான் உலகம். இணையத்திலோ விடிய விடிய அதையே பேசும் கூட்டம் இருக்கிறது. "நானும் சேரட்டுமா?" என்று பிள்ளை கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கதை படிக்கும் தளம், அரட்டைக் குழு, விக்கி, படம் வரைந்து போடும் இடம், பாத்திரமாக நடித்து எழுதும் விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் 'ரசிகர் குழு' என்றே பெயர். ஒன்றில் பொருந்துவது இன்னொன்றில் பொருந்தாது. பிள்ளை எந்த இடத்தைச் சொல்கிறது, அங்கே படிக்கப் போகிறதா, எழுதப் போகிறதா, அந்நியர்களோடு தனியாகப் பேசப் போகிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

புத்தகத்தின் வயது வேறு, கூட்டத்தின் வயது வேறு

'இது சின்னப் பிள்ளைகள் புத்தகம், அதனால் குழுவிலும் சின்னப் பிள்ளைகள்தான் இருப்பார்கள்' என்பது பெற்றோர் போடும் முதல் தப்புக் கணக்கு. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் பிரிட்டனில் வந்தது 1997 ஜூனில். அன்று 11 வயதில் படித்தவர் இன்று நாற்பதை ஒட்டியவர். அவர்களில் பலர் இன்னும் அதே கூட்டத்தில் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் கதை எழுதுகிறார்கள். எழுதுவது தங்கள் வயதுக்கான கதை. அவர்கள் எழுதுவதில் தப்பில்லை. அட்டையில் அதே பாத்திரங்களின் பெயரைப் பார்த்து உங்கள் பத்து வயதுப் பிள்ளை உள்ளே போவதுதான் சிக்கல். 2005-ல் தொடங்கிய பெர்சி ஜாக்சனுக்கும் இதே கணக்குதான்.

வாரியர்ஸ் பூனைக் கதைகள், விங்ஸ் ஆஃப் ஃபயர் டிராகன் கதைகள் போன்றவற்றின் கூட்டம் வேறு மாதிரி. அங்கே பிள்ளைகளின் பங்கு அதிகம். படிப்பதோடு நிற்காமல் வரைவது, அசைபடம் செய்வது, பூனைக் கூட்டமாக நடித்து எழுதுவது என்று கைவேலை நிறைய நடக்கும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள் என்று தேடி வரும் பெரியவர்களுக்கும் அது தெரியும்.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது

ஏறத்தாழ எல்லாத் தளங்களும் 13 வயது என்று போட்டிருப்பதற்குக் காரணம் அமெரிக்காவின் கோப்பா சட்டம். 1998-ல் நிறைவேறி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்றுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். சம்மதம் வாங்கும் தொல்லை வேண்டாம் என்று தளங்கள் அந்த வயதில் கோடு போட்டுவிட்டன. சினிமாவுக்குத் தரும் 'யு', 'ஏ' சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பது 13 வயதுக்கு ஏற்றதா என்று யாரும் பார்த்துச் சொன்ன எண் அல்ல இது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது.

பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுக் கணக்குத் திறப்பது பல வீடுகளில் சகஜம். சில சமயம் பெற்றோரே தட்டிக்கொடுக்கிறார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2014-ல் பிறந்த பிள்ளை, 2024-ல் 2008 என்று போட்டுக் கணக்குத் திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தளத்தின் கண்ணில் வயது 16. 2026-ல் தளம் அதை 18 வயதுப் பெரியவர் என்று எண்ணிக்கொள்ளும். பதின்ம வயதுக்கென்று இருக்கும் தடைகள் கழன்றுவிடும், வயதுவந்தோர் அறைகள் திறந்துவிடும். உண்மையில் பிள்ளைக்கு 12. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பேச்சுவாக்கில் "நான் ஆறாம் வகுப்பு" என்று சொல்லி, யாராவது புகார் செய்தால் கணக்கே முடக்கப்படும். வரைந்து போட்டதும், எழுதியதும், சேர்த்த நண்பர்களும் ஒரே நாளில் போய்விடும். உண்மையான வயதைப் போட முடியாத தளத்தில் கணக்கு வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பல தளங்களில் கணக்கில்லாமலே படிக்கலாம்.

கதை படிக்கும் தளங்கள்

ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கு, அதாவது ஃபேன்ஃபிக்‌ஷனுக்கு, பெரிய களஞ்சியம் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். ரசிகர்கள் சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். 2009 முதல் இயங்குகிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவதால் விளம்பரம் இல்லை. 2019-ல் ஹியூகோ விருது பெற்றது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தக் கதையையும் நீக்காமல் காப்பது அதன் கொள்கை. எனவே பாட்டி படித்துக் காட்டக்கூடிய கதையும் அங்கே இருக்கும், பெரியவர்களே முகம் சுளிக்கும் கதையும் பக்கத்திலேயே இருக்கும். பெற்றோர் கட்டுப்பாடு என்று தனிப் பொத்தான் கிடையாது. அதற்குப் பதிலாக மிக நுணுக்கமான வடிகட்டி இருக்கிறது. அதைப் போடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் லேபிள்களைப் படிக்கப் பழகுங்கள். தரநிலை ஐந்து: ஜெனரல் ஆடியன்ஸஸ், டீன் அண்ட் அப், மெச்சூர், எக்ஸ்ப்ளிசிட், நாட் ரேட்டட். கடைசியில் இருக்கும் 'நாட் ரேட்டட்' பார்க்கச் சாதுவாகத் தெரியும். எழுதியவர் தரநிலை சொல்லவில்லை என்பதே அதன் பொருள், உள்ளே எதுவும் இருக்கலாம். தளமே அதை எக்ஸ்ப்ளிசிட்டுக்குச் சமமாக வைத்து, திறக்கும் முன் எச்சரிக்கைப் பக்கம் காட்டுகிறது. ஆனால் அந்தப் பக்கம் வெறும் ஒரு பொத்தான். 'தொடர்க' என்று தட்டினால் கதை திறந்துவிடும், வயது கேட்காது.

அடுத்தது எச்சரிக்கைகள். கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது வராத பாத்திரங்களின் பாலுறவு என நான்கு பொருட்களுக்குத் தனித்தனிக் குறி உண்டு. இவை எதுவும் இல்லை என்றால் 'நோ ஆர்க்கைவ் வார்னிங்ஸ் அப்ளை' என்று இருக்கும். 'கிரியேட்டர் சோஸ் நாட் டு யூஸ் ஆர்க்கைவ் வார்னிங்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இரண்டும் ஒன்றுபோல ஒலித்தாலும், இரண்டாவதற்கு 'என்ன இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை' என்று பொருள். பிள்ளைக்கு முதல் வகை மட்டும் போதும்.

இனி வடிகட்டுவது. புத்தக வரிசையின் பக்கத்துக்குப் போங்கள். கணினியில் வலப்பக்கமே வடிகட்டிப் பட்டை தெரியும், போனில் 'ஃபில்டர்ஸ்' பொத்தானைத் தட்ட வேண்டும். மேல்பாதி 'இன்க்ளூட்', கீழ்ப்பாதி 'எக்ஸ்க்ளூட்'. கீழ்ப்பாதியில் தரநிலையைத் திறந்து நாட் ரேட்டட், மெச்சூர், எக்ஸ்ப்ளிசிட் மூன்றையும் டிக் செய்யுங்கள். பிள்ளை 13-க்குக் கீழ் என்றால் டீனையும் சேர்த்து விலக்குங்கள். பிறகு எச்சரிக்கைகளைத் திறந்து, 'நோ வார்னிங்ஸ் அப்ளை' தவிர மற்ற எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். மேல்பாதியில் வகைப் பகுதியில் 'ஜென்' என்று ஒன்று இருக்கும். காதல் மையமில்லாத, நட்பும் சாகசமும் சார்ந்த கதைகள் அதில் வரும். இளைய பிள்ளைக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். 'கிராஸ்ஓவர்' கதைகளை விலக்கவும் இடமுண்டு. வேறொரு வயதுவந்தோர் தொடரின் பாத்திரங்கள் இந்தக் கதைக்குள் நுழைவதை அது குறைக்கும். முடிந்த கதைகள் மட்டும் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோன கதையை நாற்பது அத்தியாயம் படித்துவிட்டுப் பிள்ளை அழுவதை அது தடுக்கும். கடைசியாக 'சார்ட் அண்ட் ஃபில்டர்'.

இந்தத் தேர்வுகளைத் தளம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை புதிதாக வந்தால் எல்லாம் பழையபடி திறந்தே கிடக்கும். ஆனால் வடிகட்டிய பக்கத்தின் முகவரியில் அந்தத் தேர்வுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே பிரவுசரில் புக்மார்க் செய்து, பிள்ளையின் சாதனத்தில் அதை மட்டும் வாசலாக வையுங்கள். இது கொசுவலை போலத்தான், ஓரத்தைத் தூக்கினால் கொசு வரும். எழுத்தாளர் பெயரைத் தட்டினால் அவருடைய எல்லாக் கதைகளும் வடிகட்டாமல் வந்து நிற்கும். குறிச்சொல்லைத் தட்டினாலும் அப்படியே. கூகுளில் தேடி நேரே கதைக்குள் போனால் வலையே கிடையாது. இதைப் பிள்ளைக்கு ஒருமுறை செய்துகாட்டி, எங்கே தட்டக் கூடாது, ஏன் என்று சொல்லிவிடுவது மறைப்பதைவிட நல்லது.

12 வயதுக்குக் கீழ் என்றால் இந்தத் தொல்லையே தேவையில்லை. ஒவ்வொரு கதையின் பக்கத்திலும் 'டவுன்லோட்' உண்டு, ஈபப், பிடிஎஃப் எதுவாகவும் இறக்கலாம். நீங்கள் மேலோட்டமாகப் படித்துப் பார்த்துப் பத்துக் கதை இறக்கி டேப்லெட்டிலோ கிண்டிலிலோ போட்டுக் கொடுங்கள். பிள்ளைக்கு அது புதுப் புத்தகம் மாதிரி. இணையமும் தேவையில்லை.

ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் இதைவிடப் பழையது, 1998-ல் தொடங்கியது. அதன் குறிகள் கே, கே பிளஸ், டி, எம். பட்டியலில் எம் கதைகள் தாமாகவே மறைந்திருக்கும், தேடி மாற்றினால்தான் தெரியும். ஏஓ3-ல் இல்லாத தனிமடல் வசதி இங்கே உண்டு. எனவே கணக்கு இல்லாமல் படிக்கவிடுவது உத்தமம். டொரன்டோவில் 2006-ல் தொடங்கிய வாட்பேடில் கதையின் ஒவ்வொரு பத்திக்கும் வாசகர் கருத்துப் போடலாம். கதை சாதுவாக இருந்தாலும் அந்தக் கருத்துகள் சாதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் கருத்துகளை மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒன்று: தரநிலையைக் குறிப்பவர் எழுதியவரே. 14 வயதுப் பிள்ளை தன் கதைக்குத் தானே போட்ட தரநிலையும் அதில் இருக்கும்.

அவர்கள் பேசும் சொற்கள்

குறிச்சொற்களைப் புரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் நடக்காது. கேனன் என்றால் மூலப் புத்தகத்தில் உள்ளது. ஹெட்கேனன் என்றால் ரசிகரின் சொந்தக் கற்பனை. ஏயூ என்றால் கதையை வேறு உலகத்தில் நடத்துவது, மந்திரப் பள்ளிக்குப் பதில் காபிக் கடை என்பதுபோல. ஓசி என்றால் ரசிகர் தாமே படைத்த பாத்திரம். ஷிப் என்றால் இரண்டு பாத்திரங்களை ஜோடி சேர்ப்பது. 'என் ஷிப் இது' என்று பிள்ளை சொன்னால் பதற ஒன்றுமில்லை. ஃப்ளஃப் இனிமையான கதை, ஆங்ஸ்ட் அழவைக்கும் கதை. நின்று பார்க்க வேண்டியவை: ஸ்மட், லெமன், பிடபிள்யூபி. மூன்றும் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளைக் குறிப்பவை. நான்கான் என்றால் வன்புணர்வு. வம்ப் என்றால் பாத்திரம் உடலாலும் மனத்தாலும் வதைபடுவதை விரிவாக எழுதுவது. 'டெட் டவ், டூ நாட் ஈட்' என்று இருந்தால், மேலே குறிச்சொல்லில் என்னென்ன கொடுமை எழுதியிருக்கிறதோ அது உண்மையாகவே உள்ளே இருக்கிறது என்ற எச்சரிக்கை. 'மைனர்ஸ் டிஎன்ஐ' என்று ஒருவர் முகப்பில் போட்டிருந்தால், பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர் தன்னோடு பேச வேண்டாம் என்கிறார். அது நல்ல பழக்கம். அதை மதிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

டிஸ்கார்ட் குழுவை அரை மணி நேரத்தில் சோதிப்பது

இருண்ட கதையைப் படித்த பிள்ளை புத்தகத்தை மூடிவிடலாம், உங்களிடம் வந்து கேட்கலாம். தனிமடலில் வரும் ஆளை அப்படி மூட முடியாது. அதனால் கவனத்தில் பெரும்பங்கு அரட்டைக் குழுக்களுக்குப் போக வேண்டும். ஃபேன்டசி ரசிகர்களின் அரட்டை இன்று பெரும்பாலும் 2015-ல் வந்த டிஸ்கார்டில் நடக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் 'சர்வர்' என்று பெயர். நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் தரம். பிள்ளை சொல்லும் சர்வரில் முதலில் நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கோடு சேர்ந்து இவற்றைப் பாருங்கள்:

1. விதிகள் உள்ள அறையைப் படியுங்கள். குறைந்தபட்ச வயது எழுதியிருக்கிறதா? 13 வயதினரும் 18 தாண்டியவர்களும் ஒரே சர்வரில் இருந்தால், வயதுவந்தோர் அறைக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று பாருங்கள். ஓர் எமோஜியைத் தட்டினால் '18+' பட்டம் கிடைத்துவிடும் என்றால் அங்கே பிள்ளை வேண்டாம்.

2. 'அறிமுகம்' அறையில் என்ன கேட்கிறார்கள்? பெயர், வயது, ஊர், பிறந்தநாள் என்று நிரப்பச் சொல்லும் அச்சு இருந்தால், பிள்ளைகள் அதை வரி தவறாமல் நிரப்பியிருப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் தானியங்கியும் தேதியைக் கேட்கும். பிடித்த பாத்திரம், பிடித்த புத்தகம் மட்டும் போட்டால் போதும் என்று முன்பே பேசிவையுங்கள்.

3. பொது அறையில் கடந்த இரண்டு நாள் பேச்சைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். யாராவது எல்லை மீறியபோது மாடரேட்டர், அதாவது குழுவைக் கண்காணிப்பவர், வந்தாரா, எவ்வளவு நேரத்தில் வந்தார்? மாடரேட்டர் என்ற பட்டம் இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். பிள்ளைகள் நடத்தும் சர்வர்களில் மாடரேட்டருக்கே 14, 15 வயது இருக்கும்.

4. புகார் செய்ய வழி எழுதியிருக்கிறதா? 'ஏதாவது என்றால் எனக்குத் தனிமடல் போடு' என்று ஒரே ஆள் சொன்னால் அது வழி அல்ல. எல்லா மாடரேட்டர்களும் சேர்ந்து பார்க்கும் பெட்டி இருக்க வேண்டும்.

5. எந்த நேரத்தில் கூட்டம் கூடுகிறது? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலத்து இரவு எட்டரை மணி என்பது நமக்குக் காலை ஆறு. பள்ளிக்குக் கிளம்பும் வேளையில்தான் அரட்டை உச்சத்தில் இருக்கும். அதைத் தவறவிடாமல் இருக்கப் பிள்ளை தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சர்வர் தேறினால், பிள்ளையின் கணக்கில் மூன்று மாற்றங்கள். மெனுப் பெயர்கள் அடிக்கடி மாறுவதால் பெயரைவிடச் செயலை நினைவில் வையுங்கள். சர்வரில் உள்ளவர்கள் நேரடித் தனிமடல் அனுப்பும் வசதியை அணையுங்கள். இது பொது அமைப்பிலும் இருக்கும், ஒவ்வொரு சர்வரின் அமைப்பிலும் தனியாக இருக்கும், இரண்டிலும் பார்க்க வேண்டும். நண்பர் வேண்டுகோளை 'எல்லாரும்' என்பதிலிருந்து மாற்றி, நண்பரின் நண்பர் மட்டும் என்று வையுங்கள், அல்லது முழுதாக மூடுங்கள். ஆபாசப் படங்களை மறைக்கும் வடிகட்டியை உச்சத்தில் வையுங்கள்.

பிறகு 2023-ல் வந்த 'ஃபேமிலி சென்டர்'. பிள்ளையின் போனில் தோன்றும் க்யூஆர் குறியை உங்கள் ஆப்பில் ஸ்கேன் செய்தால் இரண்டு கணக்கும் இணையும். யாரை நண்பராகச் சேர்த்தது, எந்த சர்வர்களில் இருக்கிறது, யாரோடு மடல் அல்லது அழைப்பு நடந்தது என்பது தெரியும். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. அது சரியான அளவு என்பதே எங்கள் எண்ணம். பிள்ளைக்கும் தெரிந்தே நடக்கிறது, ஒளிந்து படிக்கும் வேலை இல்லை. வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, "இந்தப் பெயர் யாரு?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கே பிசகுகிறது

கெடுதல் செய்ய வருபவர் முதல் நாளே கெட்டதைப் பேசுவதில்லை. பிள்ளை வரைந்த டிராகனைப் பாராட்டுவார். "உன்னை மாதிரி யாருக்கும் இந்தக் கதை புரியல" என்பார். பொது அறையிலிருந்து தனிமடலுக்கு, அங்கிருந்து ஸ்னாப்சாட்டுக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிடுவார். டிஸ்கார்டின் கட்டணச் சந்தாவான நைட்ரோ, ரோப்லாக்ஸ் விளையாட்டுப் பணமான ரோபக்ஸ் என்று சின்னப் பரிசு வரும். பிறகு 'வீட்டில் சொல்லாதே'. இந்த வரிசையைப் பிள்ளைக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள். வேறு ஆப்புக்குக் கூப்பிடுவது, ரகசியம் கேட்பது, இந்த இரண்டில் எது வந்தாலும் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போனைப் பிடுங்க மாட்டீர்கள் என்ற வாக்கையும் கொடுத்துக் காப்பாற்றுங்கள். அந்த வாக்கு இல்லாத வீட்டில் பிள்ளை சொல்லாது.

பாத்திரமாக நடித்து எழுதும் ஆர்பி விளையாட்டுக்குத் தனி விதி வேண்டும். 'நான் பேசவில்லை, பாத்திரம் பேசுகிறது' என்ற போர்வையில் பேச்சு காதலுக்கும் அதற்கு அப்பாலும் நகர்த்தப்படும். பிள்ளைக்கும் எங்கே கோடு தாண்டியது என்று தெரியாது. பொது அறையில் மட்டும், குறைந்தது மூன்று பேர் சேர்ந்து, சண்டையோ சாகசமோ மட்டும். பிடிக்காத திசையில் போனால் விளக்கம் சொல்லாமல் அறையைவிட்டு வெளியேறலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

அடையாளம் கசிவது பெரும்பாலும் எதிர்பாராத ஓட்டை வழியாகத்தான். பயனர் பெயரில் பிறந்த ஆண்டு, வரைபடத்தைப் படமெடுக்கும்போது மேசையில் கிடக்கும் பள்ளி நோட்டின் லேபிள், குரல் அறையில் பின்னால் அம்மா முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இவற்றுக்கெல்லாம் மேலான ஓட்டை கூகுள் டாக்ஸ். கதை எழுதும் பிள்ளைகள் பிழை பார்த்துத் தர 'பீட்டா ரீடர்' தேடுவார்கள், கோப்பைப் பகிர்வார்கள். கோப்பின் உரிமையாளரின் பெயரும் மின்னஞ்சலும் அதில் தெரியும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் என்றால் எந்தப் பள்ளி என்பதும் தெரிந்துவிடும். போதாததற்கு ஓரத்தில் போடும் குறிப்புகள் யார் கண்ணிலும் படாத அரட்டை அறையாக மாறும். பீட்டா வேண்டும் என்றால், புனைபெயரில் திறந்த தனிக் கணக்கில் கோப்பு இருக்கட்டும், அதன் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும்.

ஹாரி பாட்டருக்காக 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்த பாட்டர்மோர் தளம் இதில் ஒரு நல்ல வழி காட்டியது. பயனர் பெயரைப் பிள்ளை தானே வைக்க முடியவில்லை, தளம் உருவாக்கித் தந்த மந்திரப் பெயர்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெயரைப் போட வழியே இருக்கவில்லை. வீட்டிலும் அப்படிச் செய்யலாம்: கதையிலிருந்து ஒரு பொருள், ஒரு நிறம், இரண்டு எண். பிறந்த தேதிக்கும் வீட்டு எண்ணுக்கும் தொடர்பில்லாத எண்ணாக இருக்கட்டும்.

பண விஷயம் சுருக்கமாக. "இந்தக் குறியை ஸ்கேன் செய்தால் நைட்ரோ இலவசம்" என்று வரும் க்யூஆர், கணக்கைத் திருடும் வழி. "உன்னைத் தவறுதலாகப் புகார் செய்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசு" என்பதும் மோசடியே. பிள்ளையின் ஓவியத்துக்குப் பணம் தருவதாகச் சொல்பவரிடம் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும். பூனைக் கதை ரசிகர்கள் 'மேப்' என்று ஒரு கூட்டு அசைபடம் செய்வார்கள். ஒரு பாட்டைத் துண்டு போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு வரைந்து, கெடு தேதிக்குள் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் அரையாண்டுத் தேர்வு வாரத்தில் கெடு வைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஒப்புக்கொள்ளும் முன் நாட்காட்டியைக் காட்டுங்கள்.

எந்த வயதில் எது

பத்துக்குக் கீழ் இணையக் குழு தேவையே இல்லை. ஒரே புத்தகம் படித்த ஒரு தோழன், நூலகத்தில் ஒரு மாலை, அது போதும். 10 முதல் 12 வரை, இறக்கித் தந்த கதைகளும், ஸ்கிராட்ச் தளமும் பொருந்தும். ஸ்கிராட்ச் 2007-ல் எம்ஐடியில் பிறந்த, பிள்ளைகளுக்கான நிரல் எழுதும் தளம். டிராகன், பூனை ரசிகர்களின் கூடங்கள் அங்கே நிறைய. தனிமடல் கிடையாது, கருத்துகள் எல்லாம் வெளிப்படை, கண்காணிப்பும் உண்டு. 13 முதல் 15 வரை, மேலே சொன்ன பூட்டுகளோடு ஒரே ஒரு சர்வர், ஒரே ஒரு கதைத் தளம். முதல் மாதம் படிக்க மட்டும், எழுதுவது பிறகு. 16-க்கு மேல் பூட்டுகளைத் தளர்த்துவதில் பிள்ளையின் சொல்லுக்கும் இடம் கொடுங்கள். இந்த வயதுகள் எல்லாம் சராசரிக் கணக்கு. பேய்க்கதை கேட்டுவிட்டு மூன்று இரவு தூங்காத 13 வயதுப் பிள்ளைக்கு டீன் தரநிலையும் அதிகம்தான்.

ஏதாவது நடந்துவிட்டால்

பதற்றத்தில் கணக்கை அழித்துவிடாதீர்கள். ஆதாரமும் அதோடு போய்விடும். முதலில் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எதிராளியின் பயனர் பெயர், தேதி, நேரம், சர்வரின் பெயர் எல்லாம் படத்தில் வர வேண்டும். டிஸ்கார்டில் 'டெவலப்பர் மோட்' என்பதை இயக்கினால், அந்த ஆளின் எண்ணையும் மடலின் எண்ணையும் நகலெடுக்கலாம். பெயரை மாற்றிக்கொண்டாலும் அந்த எண் மாறாது. அதற்குப் பிறகே தளத்தில் புகார், அதற்கும் பிறகே பிளாக்.

பிள்ளையின் அந்தரங்கப் படம் போயிருந்தால் நடைமுறை வேறு. அதை ஆதாரம் என்று நகலெடுக்க வேண்டாம், உறவினருக்கோ பள்ளிக்கோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பவே வேண்டாம். அப்படிப் பரப்புவது சட்டப்படி குற்றம். சாதனத்தை அப்படியே வைத்துக்கொண்டு காவல்துறையிடம் போங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மிரட்டல் இன்னும் பெரிய தொகைக்கு வரும். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்புவதைக் கடினமாக்கும். இலங்கையில் குழந்தைகள் உதவி எண் 1929. கனடாவில் சைபர்டிப் தளம், பிரிட்டனில் சைல்ட்லைன் 0800 1111.

புகார் கொடுத்த பிறகு பிள்ளையை எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரேயடியாக வெளியே இழுக்க வேண்டாம். தவறு செய்தவன் வேறொருவன், நண்பர்களை இழப்பது தான் மட்டும் என்று பிள்ளை எண்ணும். அந்த ஒரு சர்வரைவிட்டு விலகி, பயனர் பெயரையும் படத்தையும் மாற்றி, பழக்கமான இரண்டு மூன்று தோழர்களோடு மட்டும் இரண்டு வாரம் இருக்கட்டும். தனிமடல் பூட்டு சரியாக இருக்கிறதா என்று அப்போது இன்னொரு முறை பாருங்கள், ஒவ்வொரு சர்வரிலும்.